அனுமதிச் சீட்டும் சிகிச்சைதான்

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், ஹெப்ரோன் நகருக்குத் தெற்கே உள்ள மஸாஃபர் யத்தா மலைப்பகுதியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் நடமாடும் மருத்துவக் குழுவில் செவிலியராக வேலை பார்த்தேன். ஆடு மேய்ப்பவர்களின் சின்னச் சின்ன கிராமங்கள் அவை. ஒரு கட்டடம் கட்டி கிளினிக் வைக்கக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த 1995 ஒப்பந்தத்தின்படி மேற்குக் கரையில் சுமார் 60 சதவீதம் 'சி' பகுதி, அதாவது இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. எங்கள் கிராமங்களும் அதில்தான். அங்கே கட்ட இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாலஸ்தீனர்களுக்கு அது கிடைப்பது அபூர்வம். மீறிக் கட்டினால் இடித்துவிடுவார்கள். போதாததற்கு மஸாஃபர் யத்தாவின் பெரும்பகுதியை 1980களிலேயே ராணுவப் பயிற்சிக் களமாக அறிவித்துவிட்டார்கள். மக்களை வெளியேற்றத் தடையில்லை என்று 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வருகிற நோய்கள் எந்த ஊரிலும் உள்ளவைதான்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, குழந்தைகளுக்குச் சளி. மருந்து கொடுத்துவிடலாம், அடுத்து எப்போது வருவோம் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாதையை மறித்துவிட்டால் அன்றைய வேலை போயிற்று. அதனால் மாத்திரைகளைக் கூடுதலாகவே கொடுப்போம். இன்சுலினுக்கு அதுவும் சிரமம். குளிரில் வைக்க வேண்டும், மின்சாரமோ சோலாரை நம்பித்தான்.

புற்றுநோய் என்றால் கிழக்கு ஜெருசலேமுக்குப் போக வேண்டும். லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை ஆலிவ் மலைமேல் இருக்கிறது. கதிர்வீச்சு சிகிச்சை அங்கே உண்டு. மேற்குக் கரையிலிருந்து ஜெருசலேமுக்குள் போக இஸ்ரேலின் அனுமதி வேண்டும்: நோயாளிக்கு ஓர் அனுமதிச் சீட்டு, துணைக்குப் போகிறவருக்குத் தனியாக இன்னொன்று. அம்மாவுக்குக் கிடைக்காமல் பாட்டியோடு போன குழந்தையைப் பார்த்திருக்கிறேன். வலியில் அழுகிற பிள்ளை அம்மாவைத்தானே தேடும்!

அனுமதி வந்தாலும் பாலஸ்தீன ஆம்புலன்ஸ் பெரும்பாலும் சோதனைச் சாவடியோடு நின்றுவிடும். அந்தப் பக்கத்து வண்டிக்கு நோயாளியை மாற்ற வேண்டும். ஆக்ஸிஜனைக் கழற்றி, டிரிப்பைத் தூக்கிப் பிடித்து, மானிட்டர் வயர்களை எடுத்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். முடியாத நோயாளியை அவசியமில்லாமல் அசைக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

குழுவில் நான் ரொம்ப மதித்தவர், அனுமதி விண்ணப்பங்களைக் கவனித்த பெண். ஊசி போடத் தெரியாதவர். ஆனால் எந்த நோயாளிக்கு எந்தத் தேதியில் சிகிச்சை, எந்தச் சீட்டு எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விண்ணப்பத்தை நிராகரித்தால் அன்றைக்கே புதிதாக ஒன்று போடுவார். அவர் விடாமல் பேசிப் பேசித்தான் சிலர் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடித்தார்கள். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் கணக்கில் அவருடைய சம்பளம் நிர்வாகச் செலவு என்று வந்தது. அதை சிகிச்சைச் செலவில் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டோம். இப்போதும் கேட்கிறோம்.