ஆனரரி லெப்டினன்ட் ஆனபோது நான் வாங்கியதும் வாங்காமல் விட்டதும்

ஓய்வு பெறப்போகும் சுபேதார் போன்றவர்களுக்குக் கௌரவ ஆபீசர் பதவி கொடுக்கும் 2023 ஆகஸ்ட் 15 ராணுவப் பட்டியலில் என் பெயர் வந்தது. அதுவரை சுபேதார், இனி ஆனரரி லெப்டினன்ட். பென்ஷன் தேதி 2024 மார்ச் 31. இடையில் இருந்தது ஏழரை மாதம். அந்த ஏழரை மாதத்துக்காக ஆபீசர் உடுப்பு மொத்தத்தையும் தைக்க வேண்டுமா, எதைத் தைத்தால் பிறகு கடலூரில் வீட்டோடு இருக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம், எது ட்ரங்க் பெட்டிக்குள் கிடந்து பூஞ்சை பிடிக்கும் என்று யோசித்து யோசித்து இரண்டு மாதம் தூக்கம் கெட்டது. ஒவ்வொரு ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் சிலராவது இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எம்.இ.ஜி. ஆள், அதாவது மதராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படை. 29 வருஷ சர்வீஸ். செய்தி வந்தபோது யூனிட் பஞ்சாபில் இருந்தது. வாழ்த்துச் சொல்லப் போன் செய்தவர்கள் எல்லோரும் கூடவே ஒரு பட்டியலையும் கொடுத்தார்கள். பரேடுக்குப் போடும் கம்பளி சர்வீஸ் டிரெஸ் புதிதாகத் தை, விழாவுக்கான நீல உடுப்பு புளூ பேட்ரோல் ஒன்று இருக்கட்டும், ராத்திரி விருந்துக்கான மெஸ் டிரெஸ் இரண்டு சீசனுக்கும் வேண்டும், மினியேச்சர் என்கிற குட்டி மெடல், புது பீக் கேப் தொப்பி, பிளேசர். கூட்டிப் பார்த்தால் அரை லட்சத்தைத் தாண்டியது. 2017 ஜூலையில் இருந்து உடுப்புக்கென்று வருஷத்துக்கு ஒருமுறை பணம் தருகிறார்கள், ஜூலைச் சம்பளத்தோடு வரும், அப்போதைய கணக்கில் ஆபீசருக்கு 20,000, அதற்குக் கீழே உள்ள நமக்கு 10,000. என் பெயர் வந்ததோ ஆகஸ்டில். அந்த வருஷப் பணம் சுபேதார் கணக்கில் ஏற்கெனவே வந்து, மகள் காலேஜ் ஃபீஸுக்குப் போயிருந்தது. ஆக எதை வாங்கினாலும் கைக்காசு.

போதாததற்கு ஒரு வதந்தி. ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் உடுப்பு விதி மாறியிருந்தது, அதனால் இப்போது தைத்தால் எல்லாம் வீணாகிவிடும் என்று ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். விசாரித்தால், அந்த மாற்றம் பிரிகேடியரும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. ரெஜிமென்ட் எதுவானாலும் அவர்கள் எல்லோருக்கும் தொப்பி, தோள் பட்டயம், பெல்ட், ஷூ ஒரே மாதிரி என்று ஆக்கியிருந்தார்கள். நமக்கு அதில் ஒன்றும் இல்லை. காதில் விழுவதை நம்பாமல் யூனிட் ஆபீஸில் போய் உத்தரவைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் மாற்றியது தோள் பட்டயம். இதை வெளி ஆட்களுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். சுபேதாருக்கு இரண்டு நட்சத்திரம், அதன் அடியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை. லெப்டினன்டுக்கும் இரண்டு நட்சத்திரம்தான், பட்டை கிடையாது. 29 வருஷம் உழைத்து, தோளில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை, அந்தப் பட்டை இறங்கியது, அவ்வளவுதான். பழைய பட்டயத்தில் பட்டையை மட்டும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்று ஸ்டோர் ஹவில்தார் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. புதிதாக ஒரு ஜோடி வாங்கினேன், சில நூறு ரூபாய்தான் ஆனது. பழையதைப் பட்டையோடு அப்படியே ஊருக்குக் கொண்டுவந்து அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். இதில் கணக்குப் பார்க்காதீர்கள், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

தப்பு செய்தது சர்வீஸ் டிரெஸ்ஸில். கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு கடையில் கம்பளித் துணி, கேன்வாஸ், பித்தான், தையற்கூலி எல்லாம் சேர்த்து ஒரே விலை சொன்னார்கள். ஒரு வேகத்தில் 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து வேண்டாம் என்று முடிவு செய்து போனால், துணியை வெட்டியாகிவிட்டது, பணம் திரும்பாது என்றார்கள். வெட்டிய துணியைக் காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. சண்டை போட நேரமில்லாமல் விட்டுவிட்டேன். அளவு எடுக்கும் நாளிலேயே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் நெல்லிக்குப்பத்தில் இருக்கும் ஒரு பெரியவர். ஆனரரி கேப்டனாகப் பென்ஷன் வந்தவர், எனக்கு அப்பா வயசு இருக்கும், நான் ராணுவ வழக்கப்படி மரியாதையாக சாப் என்று கூப்பிட்டால் அண்ணே என்று கூப்பிடுடா என்பார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, துணி எடுக்காதே, லீவுல வா, வந்து என் பெட்டியைப் பார், அப்புறம் எடு" என்றார். அக்டோபரில் லீவில் போனேன். கட்டிலுக்கு அடியில் இருந்து ட்ரங்கை இழுத்துத் திறந்தார். பாச்சை உருண்டை வாடை குப்பென்று அடித்தது. கம்பளிக் கோட்டை எடுத்து விரித்தால், முதுகில் பூச்சி அரித்த ஓட்டைகள், காலரில் வெள்ளைப் பூஞ்சை, பித்தளைப் பித்தான் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் எவ்வளவு என்று நமக்குத் தெரியும், ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை. "இதை ரெண்டே ரெண்டு தடவைதான் போட்டேன். ரிட்டயர்மென்ட் போட்டோவுக்கு ஒரு தடவை, பரேடுக்கு ஒரு தடவை" என்றார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பிளேசரை எடுத்தார். முழங்கையில் துணி பளபளத்துப் போயிருந்தது, அத்தனை வருஷம் போட்டிருக்கிறார். குடியரசு தினம், சுதந்திர தினம், டிசம்பர் 7 கொடி நாள், பழைய தோழர்கள் வீட்டுக் கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் அதுதான்.

பென்ஷன் வந்த பிறகு யூனிஃபார்மை நம் இஷ்டத்துக்கு மாட்டிக்கொண்டு ஊரில் நடமாட முடியாது. மெடல் அப்படி இல்லை, விழாக்களுக்குச் சிவில் உடுப்பின் மேலே குத்திக்கொள்ளலாம். அந்தப் பெட்டியையும் அந்தப் பீரோவையும் பார்த்த பிறகு எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஏழரை மாதத்துக்கு மட்டும் தேவைப்படுவதை இரவல் வாங்குவது, ஆயுசுக்கும் தேவைப்படுவதற்குக் காசைக் கொட்டுவது.

புளூ பேட்ரோலைத் தொடவே இல்லை. சர்வீஸ் டிரெஸ்ஸுக்கு, என்னிடம் இருந்த பழையதையே பிரித்து இடுப்பில் ஒன்றரை அங்குலம் விட்டுத் தைத்துக்கொண்டேன். அதுவும் முன்பு தைத்தவர் உள்ளே துணி விட்டிருந்ததால் முடிந்தது. தோளில் குறுக்காகப் போடும் கிராஸ் பெல்ட் யூனிட் ஸ்டோரில் இருந்து. என்னை வழியனுப்ப ஒரு டின்னர் இருந்தது, அதற்கு மெஸ் டிரெஸ்ஸை என் உடம்பு வாகில் இருந்த ஒரு மேஜர் சாப் கொடுத்தார், தயங்காமல் கேட்டேன், சந்தோஷமாகவே கொடுத்தார். ஆனால் மெஸ் டிரெஸ்ஸில் முழு மெடல் போட முடியாது, மினியேச்சர்தான் போட வேண்டும், அதை யாரிடமும் இரவல் வாங்கவும் முடியாது, அவரவர் வாங்கியதுதானே அவரவர் மார்பில் இருக்க முடியும். ஒரு ராத்திரிக்காக எட்டு குட்டி மெடல் வாங்கினேன். முலாம் பூசியது. கடலூர் வந்து ஒரு வருஷத்தில் கறுத்துவிட்டது. வாங்கியதில் வீணாய்ப் போனது அதுதான்.

பீக் கேப் புதிதாக வாங்கினேன். பழையது மங்கிவிட்டது, அது மார்ச் 31 வரைக்கும் தலையில் இருக்க வேண்டிய பொருள். பெரே என்கிற துணித் தொப்பி பழையதே. வெந்நீரில் நனைத்துத் தலையில் வைத்து வருஷக்கணக்காகப் படிய வைத்தது, புதியது அப்படி உட்காராது.

சரி, மெடல் விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்தி நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான்.

எனக்கு எட்டு. கார்கில் சமயத்து ஆபரேஷன் விஜய் மெடல், ஆபரேஷன் பராக்கிரம், சைன்ய சேவா, ஹை ஆல்டிட்யூட், சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டுக்கும் 75-ஆம் ஆண்டுக்கும் கொடுத்தவை, நீண்ட சேவைக்கான 20 வருஷ மெடல், 9 வருஷ மெடல். இதில் ஐந்துதான் ஒரிஜினல். மெடல் வந்து சேராமல் பல வருஷம் பாக்கி இருந்த காலம் ஒன்று உண்டு, ரிப்பனுக்கு உரிமை வந்துவிடும், மெடல் கைக்கு வராது, பலர் கடையில் நகல் வாங்கித்தான் பரேடில் நின்றோம். நகலை அடையாளம் காண்பது சுலபம், ஒரிஜினலின் விளிம்பில் நம் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும். என் பராக்கிரம் மெடல் நகல். 2001 டிசம்பரில் பார்லிமென்ட் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் நிறுத்தப்பட்டு, பல மாதம் கண்ணிவெடி புதைத்தோம், அப்புறம் அதே கையால் தோண்டி எடுத்தோம். சாப்பர்களுக்குத் தெரியும், எடுப்பதில்தான் ஆள் போகும். என் செக்‌ஷனில் ஒருவன் காலை இழந்தான். அந்த மெடல் கடைச் சரக்காக என் மார்பில் தொங்குவது எனக்கு எப்போதுமே உறுத்தல். சர்வீஸில் இருக்கும்போதே, வராத மூன்றையும் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இதைத் தள்ளிப் போடாதீர்கள். யூனிட்டில் இருக்கும்வரை கிளார்க் பக்கத்திலேயே இருக்கிறான், நம் சர்வீஸ் விவரங்கள் பதிவாகும் பார்ட்-2 ஆர்டரின் நம்பரை உடனே எடுத்துத் தருவான். ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கடிதம்தான்.

மாட்டுவதில் இரண்டு விதம். தொங்கலாக விட்டால் நடக்கும்போது ஒன்றோடொன்று இடித்துக் கீறல் விழும். கோர்ட் மவுன்ட் என்றால் அட்டையின் மேல் ரிப்பனை ஒட்டி இறக்கி மெடலை அதன் மேலேயே அசையாமல் தைத்துவிடுவார்கள். கூடுதல் பணம்தான், ஆனாலும் கோர்ட் மவுன்டே செய்யுங்கள். ரிப்பன் அகலம் 32 மில்லிமீட்டர், எட்டையும் அடுத்தடுத்து வைத்தால் மார்பு கொள்ளாது, அதனால் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படிதான் அடுக்குவார்கள். மதிப்பில் மேலானது பித்தான் பக்கம் வர வேண்டும். எனக்கு விஜய் அங்கே, 9 வருஷ மெடல் கை ஓரத்தில். ஒரு கடையில் கலர் பார்த்து அழகாக அடுக்கிக் கொடுத்தார்கள், வரிசை தப்பு, திரும்பக் கொடுத்துவிட்டேன். வரிசையைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

எட்டு மெடலும் சேர்ந்தால் கனம் அதிகம், சாதாரணத் துணி முன்னால் இழுத்துக்கொண்டு தொங்கும். அதனால் பிளேசரை ரெடிமேடில் எடுக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய டெய்லர், கல்யாணக் கோட்டு தைப்பவர். மெடலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இந்த எடைக்கு இடது பக்கம் மட்டும் உள்ளே கேன்வாஸ் ரெட்டையா வைக்கணும்" என்று அவரே சொன்னார். பின் குத்திக் குத்தித் துணி கிழியாமல் இருக்க, பாக்கெட்டுக்கு மேலே நூலில் நாலு காது போட்டார், பின் அதற்குள் நுழைந்து போகும், துணியைத் தொடாது. ஆகஸ்ட் வெயிலில் அண்ணா ஸ்டேடியத்தில் நிற்க வேண்டும் என்பதால் லைனிங் பாதி முதுகுக்கு மட்டும். துணி கனமில்லாத டெர்ரி உல். பாக்கெட்டில் வரும் ஜரிகைச் சின்னம் உப்புக் காற்றில் கறுக்கும் என்று தெரிந்ததால் தைக்க விடவில்லை, பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தோம். எங்கள் எம்.இ.ஜி. சென்டரின் பித்தான்களை பெங்களூரில் இருந்து ஒரு தோழன் அனுப்பினான். தையல், துணி எல்லாம் சேர்த்து 7,500 ஆனது. என் மனைவிக்கு முதலில் அதிகமாகத் தெரிந்தது, போட்டுக் காட்டியதும் ஒன்றும் சொல்லாமல் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததே, ஆற்றங்கரையை ஒட்டி எங்கள் வீடு. இடுப்பளவு தண்ணீர். மெடலை மட்டும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன், பிளேசர் கொடியில் தொங்கியதில் அடிப்பக்கம் ஒரு சாண் நனைந்தது. பீக் கேப் கெட்டுப்போனது, அட்டை ஊறி வளைந்துவிட்டது. பழைய சர்வீஸ் டிரெஸ் ட்ரங்கோடு சேற்றில். புதிதாகத் தைத்திருந்தால் அதுவும் அங்கேதான் கிடந்திருக்கும். பிளேசரை அலசிக் காயவைத்து டெய்லரிடம் கொடுத்தேன், சேற்றுக் கோடு மங்கலாக இன்னும் தெரிகிறது. 2025 ஜனவரி 26-க்கு அதையேதான் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஏப்ரலில் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பராக்கிரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றி என் நம்பரைப் படித்தேன். அன்றைக்கே டெய்லரிடம் எடுத்துப் போய் நகலைக் கழற்றி இதை வைக்கச் சொன்னேன். ரிப்பனும் புதிதாக மாற்றட்டுமா என்று கேட்டார். ரிப்பன் பழையதே இருக்கட்டும் என்றேன், அது 20 வருஷத்துக்கு மேலாக என்னோடு இருப்பது.