ஒன்பதாம் வகுப்புக்கு முன், பெற்றோருக்கு ஒரு பயிற்சி

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் வட்டங்களின் தேயிலை எஸ்டேட் ஊர்களில் பல பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு என்றால் பஸ் ஏறி வேறோர் ஊருக்குப் போக வேண்டும். இப்படிப் போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி நடத்தும் வேலை, நடுநிலைப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் என் தலையில் விழுகிறது. கைப்பேசியைக் கட்டுப்படுத்துங்கள், சத்தான உணவு கொடுங்கள், வளரும் பிள்ளையிடம் தோழமையாகப் பழகுங்கள் என்பவைதாம் இத்தகைய பயிற்சிகளில் வழக்கமாகச் சொல்லப்படுபவை. இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்க்கு இவையெல்லாம் முன்பே தெரியும். புதுப் பள்ளிக்குள் எப்படி நுழைவது, யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பதே பயிற்சியின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பெற்றோரையும் பெயர் சொல்லி அழைப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் எழுந்து, கழிப்பறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியரையே கேள்வி கேட்ட அம்மா, மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் புதுப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே தயங்கி நிற்கிறார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, பிள்ளை ஏதேனும் தப்புச் செய்து ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று சொல்லி அனுப்பினால்தான் பெரிய பள்ளிக்குப் போவது என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அழைக்காமல் போனால் பிள்ளைக்கே அவமானம் என்று நினைப்பவர்களும் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே பயிற்சியில் நான் வகுப்பாசிரியராக நாற்காலியில் அமர்ந்துகொள்ள, பெற்றோர் ஒவ்வொருவராக வந்து என்னிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறேன். முதலில் சிரிப்பாகத்தான் இருக்கும். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை போகாத ஓர் அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்று, “டீச்சர், நம்ம புள்ள ஒழுங்கா இருக்குதுங்களா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எந்த ஆசிரியரும் ‘நல்லாத்தான் இருக்கிறாள்’ என்றே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அதே அம்மா இரண்டாம் முறை, “போன மாசம் எத்தன நாளு வரல? எந்தப் பாடத்துல பின்னாடி இருக்கா?” என்று கேட்டபோது, வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பதிவேட்டையும் திறக்காமல் பதில் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

விடுப்பு நாள்களை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில்தான் தென்மேற்குப் பருவமழையும் எங்கள் வட்டங்களில் இறங்குகிறது. ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறை போக, பஸ் வரவில்லை, பாதையில் யானை நிற்கிறது, சீருடை காயவில்லை என்று பிள்ளைகள் தாமாக எடுக்கும் விடுப்புகளும் சேர்ந்து, முதல் பருவப் பாடங்கள் புரியாமலே கடந்துபோகின்றன. அமெரிக்காவிலும் ஒன்பதாம் வகுப்பில்தான் உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் தொடங்குகிறது. ஒரு மாணவர் பள்ளிப் படிப்பை முடிப்பாரா என்பதை, எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்களைவிட ஒன்பதாம் வகுப்பில் அவர் காட்டும் தேர்ச்சி நன்றாக முன்னறிவிக்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் எடுத்துக்காட்டினார்கள். அந்த ஊர் வேறு, இந்த மலை வேறு என்றாலும், தொடக்க மாதங்களின் வருகையைக் கவனியுங்கள் என்பது இங்கும் பொருந்தும்.

எட்டாம் வகுப்பு வரை எங்கள் மாநிலத்தில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில் 35 மதிப்பெண் எடுத்துத் தேறியாக வேண்டும். இது தெரியாமல் ‘இத்தனை வருஷம் பாஸானவன் இப்போது எப்படி ஃபெயிலானான்’ என்று பிள்ளையை அடிக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி, திறன் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை நினைவூட்ட வேண்டியது புதுப் பள்ளியா, பழைய பள்ளியா என்ற குழப்பத்தில் பணம் நின்றுபோவதும் உண்டு.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பங்கள், ‘இனிமேலாவது இங்கிலீஷ் மீடியம்’ என்று ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றன. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் தமிழக அரசு வழங்கிவரும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்காக 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தார் என்று பார்க்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் அது அவர்கள் முடிவு.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து வரும் பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு மொழி வேறாக இருக்கும் அவர்களின் பெற்றோரை எல்லோருக்கும் நடுவில் நிறுத்தி ஒத்திகை பார்ப்பது முறையன்று. அவர்கள் குடியிருப்புக்கே போய்ப் பேசுவதுதான் சரி.

இந்தப் பயிற்சியை எங்கள் பள்ளியில் நடத்துவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் சேரவிருக்கும் பள்ளியிலேயே, அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்று கேட்டு வருகிறேன். வேலை நாளில் வைத்தால் பெற்றோருக்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால் ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைதான் தோதான நாள். ஆசிரியர்களுக்கு ஞாயிறு விடுமுறை என்று மறுப்பு வருகிறது. அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு தரலாமே என்பது என் வாதம். பேச்சு இன்னும் முடியவில்லை.