வண்ணாரப்பேட்டை வழியாக ஒற்றியூருக்கு

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போகவேண்டும் என்று அத்தை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். வருடம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். இந்தப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அதை விட்டால் அடுத்த கார்த்திகைதான்.

நாங்கள் இருப்பது தி.நகர். மாம்பலத்தில் ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறினோம். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் "சர் தியாகராயா கல்லூரி" என்று அறிவிப்பு வந்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம தி.நகர் தியாகராயரா?"

"அவரேதான் அத்தை. இது அவர் புழங்கிய பக்கம்."

பிட்டி தியாகராயர் நெசவுத் தொழிலில் செழித்த வியாபாரி. கட்டியது எப்போதும் வெள்ளை உடுப்புதான். அதனால்தான் வெள்ளுடை வேந்தர் என்ற பட்டப்பெயர். சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய 40 ஆண்டு உறுப்பினர். 1920இல் அதன் தலைவரானார். தேர்ந்தெடுக்கப்பட்டு அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். மேயர் என்ற பழைய பெயர் 1933இல்தான் திரும்ப வந்தது. அப்போது அதற்கு முதலில் உரியவர் ராஜா சர் முத்தையா செட்டியார். ஆனால் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட ஏற்பாடு செய்தது தியாகராயர் காலத்தில். அதே 1920இல் மாகாணத்தின் முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்றாலும் சாமி கும்பிடுகிறவர். கோயில் குடமுழுக்கு ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுத்தும், பிராமணரல்லாதார் என்பதால் அவரை மேடையில் உட்காரவிடவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். அத்தை அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். "காசு மட்டும் வேணுமாமா?" என்றார்.

தேரடி நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்குள் போனால் வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம். முன்னால் நின்ற பாட்டி ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை நின்றபடியே எங்களுக்கும் உருட்டிக் கொடுத்தார். கருவறையை நெருங்க நெருங்கத் தைல வாசனை கனத்தது. பூனைக்குட்டியின் கழுத்தை முகர்ந்த மாதிரியும் இருந்தது, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரியும் இருந்தது. அப்புறம் ஒரே ஒரு கணம்: விளக்கொளியில் பளபளத்த கருமேனி. கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள். கோபம் வரவில்லை. எனக்குப் பின்னாலும் ஆயிரம் பேர் நின்றார்களே.

தியாகராசப் பெருமான் சன்னதியிலும் கூட்டம்தான். இந்தச் சாமியின் பெயர்தானே அந்த வியாபாரிக்கும் என்று தோன்றியது. கும்பிட்டுவிட்டு வடிவுடையம்மனைப் பார்த்தோம். இந்த ஊரில் பிறந்த கலிய நாயனாரும் வியாபாரிதான், எண்ணெய் வாணிபம். சொத்தெல்லாம் கரைந்து எண்ணெய்க்கு வழியில்லாமல் போனபோது, விளக்கில் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்து கழுத்தை அறுக்கப் போனவர். மகிழ மரத்தடியில் உட்கார்ந்து அத்தைக்கு இதைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாகவே சொன்னார்.

அங்கிருந்து ஆட்டோவில் கடலோரம், பட்டினத்தார் சமாதிக்கு. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், காதறுந்த ஊசிகூடக் கூட வராது என்று தெரிந்த அன்றே எல்லாவற்றையும் உதறிக் கோவணத்தோடு கிளம்பியவர். பேய்க்கரும்பு இந்த ஊரில்தான் அவருக்கு இனித்ததாம். கூட்டமே இல்லை. உள்ளே சிறிய லிங்கம், வெளியே உப்புக்காற்று. வியாபாரி என்றால் எல்லாரும் கோவணம் கட்ட வேண்டுமா என்ன, வெள்ளைத் துணியோடு நாற்காலியில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சோறு அனுப்பியவரையும் இவர் பக்கத்தில் வைக்கலாம் என்று எனக்குப் பட்டது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் ஞானிடா, இவர் நல்ல மனுஷன். ரெண்டும் வேற" என்றார்.

திருநீற்றைக் கைக்குட்டை ஓரத்தில் முடிந்துகொண்டு திரும்ப மெட்ரோ ஏறினோம். அத்தை தூங்கிவிட்டார். கல்லூரி நிலையம் வந்ததும் அவரே கண்ணைத் திறந்து, "அந்த மனுஷன் வீடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.