மார்க் 2 அம்பாசிடரும் மூன்று பம்புகளும்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1971 மாடல், மார்க் 2. தக்கலையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் ஆரல்வாய்மொழி தாண்டி எங்காவது நின்றுவிடும். சுற்றிலும் காற்றாலைகள் விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் பானெட்டைத் திறந்து, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத் தோர்த்தை, அதாவது துண்டை, போட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்போம். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். அந்தப் பம்பின் டயாஃப்ரம் பெட்ரோலை இழுக்கும், ஆவியை இழுக்காது. அதற்காகவே டேஷ்போர்டில் ஒரு தோர்த்து எப்போதும் கிடக்கும். அம்மா அதை மட்டும் தனியாகத் துவைப்பாள்.

அப்பாவுக்குப் பிறகு வண்டி என் கைக்கு வந்தது. விற்க மனமில்லை, தோர்த்து போட்டு ஓட்டவும் பொறுமை இல்லை. கார்பரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் ஏற்றிவிடலாம் என்று முடிவெடுத்து மார்த்தாண்டத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். கடைப் பையன்கள் முதல் லாரிக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவர் 'ஆசான்'.

“ஏத்தலாம் மக்களே. எஞ்சின் நெடுக்க இருக்கணும், பின்வீல் ஓட்டுற வண்டியில உள்ளதா இருக்கணும். அப்படி ஒண்ணு பாத்து வா, பேசுவோம்” என்றார்.

வெளியே வந்து சாலையைப் பார்த்த பிறகுதான் அந்த ஒரு வரியின் கனம் புரிந்தது. இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்வீலை ஓட்டுகிறது. கியர்பாக்ஸும் அதோடு ஒட்டியே இருக்கும். எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அம்பாசிடருக்கு ஆகாது. அப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஜிப்ஸி, வெர்சா, ஈகோ, ஆம்னி இவ்வளவுதான் கைக்கு எட்டும். ஆம்னியின் 796 சி.சி. இந்த இரும்பு மலையை இழுக்காது. எனக்கு ஜிப்ஸி எஞ்சின்மேல்தான் கண். 1298 சி.சி., 16 வால்வு, 80 குதிரைத்திறன். ஸ்பேர் எங்கே கேட்டாலும் கிடைக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் கட்டம் வரை போய்விட்டேன்.

ஆசான்தான் ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்தினார். ஜிப்ஸியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதில்லை, நாலு வீலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. நமக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டாம் என்று விட்டால் வேகம் காட்டும் வழியும் போச்சு. இது சின்னத் தலைவலிதான், சரிசெய்யலாம். பெரிய தலைவலி வேறு இடத்தில் இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்றுவதென்றால் முதலிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். மாற்றிவிட்டுப் போய் நின்றால் கதை கந்தல். வேறு கம்பெனி எஞ்சினை ஏற்றினால் ஆர்.சி.யில் எப்படி ஏற்றுவார்கள், இன்சூரன்ஸ் நாளைக்கு என்ன சொல்லும் என்று யோசித்தபோது ஜிப்ஸி ஆசை பாதி வடிந்தது.

இன்னொரு பக்கமும் யோசிக்க இருந்தது. 50 வயது தாண்டிய, எஞ்சினும் பாடியும் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். எங்கள் வண்டிக்கு வயது சரி. ஆனால் அந்த நம்பர் வாங்கினால் தினசரி சாலையில் ஓட்ட முடியாது. எஞ்சினை மாற்றினால் அந்த நம்பர் கிடைக்காது. எனக்கு வேண்டியது கண்காட்சிக்கு நிற்கும் கார் அல்ல, அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் கூட்டிப்போகிற கார். அதனால் விண்டேஜ் நம்பரை மனதிலிருந்து எடுத்தேன். ஆனாலும் பாடியில் எதையும் அறுக்கக்கூடாது, பழைய எஞ்சின் என்றைக்காவது திரும்ப உட்காரும்படி எல்லாம் போல்ட்டில்தான் நிற்க வேண்டும் என்று ஆசானிடம் சொல்லிவைத்தேன்.

கடைசியில் விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1990-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடரில் இசுசு எஞ்சினைப் போட்டு விற்றது. 1817 சி.சி., சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். பிறகு அதிலேயே எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அதே கம்பெனி, அதே பெயர், அதே பெட்ரோல். அனுமதி கேட்கும் மனுவில் எழுதவும் வசதி. குறை ஒன்றுதான்: அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. எஞ்சின் உள்சாமான்கள் தேடினால் கிடைக்கும், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. போனால் என்ன செய்வது? அதற்குத்தான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவைத்தேன்.

எஞ்சின் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. ஓடுகிற நிலையில் வண்டியிலேயே இருந்ததை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். பழைய எம்.பி.எஃப்.ஐ. வாங்குகிறவர்கள் எஞ்சினை மட்டும் வாங்கக்கூடாது. வயரிங்கை எங்கும் வெட்டாமல் முழுசாக, ஈ.சி.யூ., எல்லா சென்சார்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஆக்சிஜன் சென்சார் உள்ள சைலன்ஸர் பைப் வரை ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். புதிய மாடல் எஞ்சின் என்றால், அதற்குரிய சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் வேறு இருக்கும். சாவி இல்லாமல் ஈ.சி.யூ. வாங்கினால் அது வெறும் அலுமினியப் பெட்டி. பில்லும் அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கூடவே வாங்கினேன், எஞ்சின் நம்பர் எங்கிருந்து வந்தது என்று காட்ட அது வேண்டும்.

டேங்க் மட்டும் அடியில் இற்றுப்போயிருந்தது. டேங்கையும் பம்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ‘பம்ப்தானே, எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்’ என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை நாலு மாதம்.

எஞ்சின் ஏற்றிய கதையை நீட்டவில்லை. மவுண்ட் புதிதாக அடித்தார்கள், பின்வீலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை லேத்தில் மாற்றி பேலன்ஸ் பார்த்தார்கள், ஸ்டீரிங்கோடு ஒட்டியிருந்த கியர் லீவர் போய்த் தரையில் கியர் லீவர் வந்தது. அதற்கு மட்டும் தரையில் ஒரு ஓட்டை போட வேண்டிவந்தது, மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. இரண்டு வாரத்தில் எஞ்சின் வண்டியில் உட்கார்ந்து ஓடத் தயார்.

அப்புறம்தான் பம்ப்.

கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் போதும். பழைய பம்ப் கொடுப்பது கால் பார் அழுத்தம், ஏறக்குறைய. இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயில், அதாவது ரயிலில், 3 பார் வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். நான் கேட்ட ஸ்பேர் கடையில் ரேஸிங் பம்ப் ஒன்றை எடுத்துப்போட்டார்கள். மணிக்கு 255 லிட்டர். “பெருசா இருந்தா நல்லதுதானே சார்” என்றார் கடைக்காரர். நானும் வாங்கிக்கொண்டு போனேன். ஆசான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆயில் டப்பா வந்த அட்டையைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

“ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பிடிச்சு ஒரு மணி நேரம் ஓட்டினா எவ்வளவு குடிக்கும்? எழுது.”

எழுதினேன். 75 குதிரைத்திறன் என்றால் 56 கிலோவாட். முழு வேகத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 300 கிராம். மொத்தம் 17 கிலோ, லிட்டரில் 23. பம்ப் பழசாகும், வோல்ட் குறையும், ஃபில்டர் அடைக்கும் என்று இரண்டு மடங்கு வைத்தாலும் 46 லிட்டர். நான் வாங்கிவந்தது அதைப் போல ஐந்து மடங்கு.

“மிச்சம் இருநூறு லிட்டரும் எங்க போவும்?” என்றார். சுற்றிச் சுற்றி டேங்குக்கே திரும்பிப் போகும். போகிற வழியில் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் டேங்கில் இருக்கிற பெட்ரோலையும் சூடாக்கும். ஆவிக்குப் பயந்து பம்பை மாற்றப் போய், நானே அடுப்பு மூட்டுகிற வேலை. ஆனாலும் வாங்கியாச்சே என்று பிடிவாதமாக அதையே டிக்கிக்கு அடியில் மாட்டச் சொன்னேன்.

ஓடியது. பின்சீட்டில் இருந்தால் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். முதல் வாரமே டிக்கியில் பெட்ரோல் வாசனை. பார்த்தால் கார்பரேட்டர் வண்டிக்குப் போடும் ரப்பர் குழாயைப் போட்டிருக்கிறார்கள், கிளிப் பக்கம் வேர்த்துக்கொண்டிருந்தது. 3 பாருக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சடித்த குழாய்தான் போட வேண்டும். டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10. கிளிப்பும் ரப்பரை அறுக்காத, ஓரம் மடித்த வகை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் யாரும் காசு பார்க்காதீர்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திற்பரப்புக்குப் போகும் வழியில், வலது பக்க வளைவு. டேங்கில் கால்வாசி பெட்ரோல். வளைவில் திரும்பியதும் வண்டு சத்தம் கீச்சென்று ஏறியது, எஞ்சின் அணைந்தது. நேரே நின்றதும் மறுபடி கிளம்பியது. அடுத்த வளைவிலும் அதே கதை. பழைய டேங்கில் பெட்ரோல் ஒதுங்காமல் தடுக்க எதுவும் இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு ஓரத்துக்குப் போனதும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கிறது. கார்பரேட்டர் இருந்தால் அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் சமாளித்துவிடும். இஞ்செக்ஷனுக்கு அந்தக் கிண்ணம் கிடையாது. அழுத்தம் விழுந்த நொடியே எஞ்சின் செத்துவிடும். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ரேஸிங் பம்பை விட்டேன். இரண்டு வழி இருந்தது. நடுவில் ஒரு சின்ன டேங்க் வைத்து, அதை நிரப்ப ஒரு பம்ப், அதிலிருந்து தள்ள ஒரு பம்ப் என்று இரண்டு போடுவது. இல்லையென்றால் டேங்கின் மேல்தகட்டை வட்டமாக வெட்டி, இன்றைய காரில் வருவதுபோல் டேங்குக்குள்ளேயே இறங்கும் பம்ப் மாட்டுவது. அது ஒரு சின்னக் குடுவைக்குள் உட்கார்ந்திருக்கும். வளைவில் டேங்க் சாய்ந்தாலும் குடுவையில் பெட்ரோல் இருக்கும். பம்பைக் குளிர்விப்பதும் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான், சத்தமும் வெளியே வராது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பம்ப் குறைந்தால் பழுதும் குறையும் என்ற கணக்குத்தான்.

வாங்கும் முன் டேங்கின் ஆழத்தைக் குச்சி விட்டு அளந்தேன். நம் எஞ்சினின் ரயிலில் அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரும், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயும் உண்டா, இல்லை ரெகுலேட்டர் பம்போடு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்றை ஒன்று குழப்பும். வெல்டர் டேங்கை இரண்டு நாள் சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவி, வெட்டும்போதும் வாய்க்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் கை வைத்தார். காலி பெட்ரோல் டேங்க் நிறைந்ததைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. கழுவின தண்ணீரில் காபிப்பொடி மாதிரித் துரு வந்தது. கடல்காற்றுக்கும் இரண்டு மழைக்காலத்துக்கும் நடுவில் ஐம்பது வருடம் கிடந்த டேங்க், வராமல் என்ன செய்யும்.

புதுப் பம்ப் போட்டும் ஒரு குறை பாக்கி. முப்பது கிலோமீட்டர் ஓடி சூடானதும் ஏற்றத்தில் இழுவை குறைந்தது. ஆசான் ரயிலில் அழுத்த மீட்டரை மாட்டினார். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.2. எல்லோரும் பம்பைத் திட்டினோம். அவர் மட்டும் டிக்கிக்குள் தலையை விட்டுப் பம்பின் வயரில் வோல்ட் பார்த்தார். 10.3. பேட்டரியில் 13.8 இருக்கிறது, வழியில் மூன்றரை வோல்ட்டை யார் தின்றது? பழைய வயரிங்கின் மெல்லிய வயர் ஒரு பங்கு, துருப்பிடித்த எர்த் போல்ட் மறுபங்கு. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே, சுரண்டி எடுத்த புது எர்த். மீட்டர் முள் 3-ல் போய் நின்றது.

அந்த ரிலேயை சாவியோடு நேராக இணைத்துவிடலாம், வேலை சுலபம் என்றார் ஒரு எலெக்ட்ரீஷியன். ஒப்புக்கொள்ளவில்லை. ஈ.சி.யூ. வழியாகப் போனால் சாவி போட்டதும் இரண்டு நொடி ஓடி நிற்கும், எஞ்சின் சுற்றினால்தான் மறுபடி ஓடும். எங்காவது முட்டி எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் நிற்கும். சாவியில் நேராக இருந்தால், அறுந்த குழாயிலிருந்து சாலையில் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

பம்போடு வந்த மிதவை பழைய மீட்டரோடு ஒத்துப்போகவில்லை. டேங்க் நிறைந்தால் காலி என்றது, காலியானால் நிறைந்தது என்றது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய மிதவையையே தனியாக வைத்தோம். இப்போது முள் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் பொய் சொல்வதில்லை.

போன வைகாசியில் ஆரல்வாய்மொழி வழியாகப் போனோம். ஏசி இல்லாததால் நாங்கள்தான் வேர்த்தோம். தோர்த்தை எடுத்து முகம் துடைக்கப் போனேன், “அது வண்டிக்கு உள்ளது” என்று அம்மா பிடுங்கி மறுபடி டேஷ்போர்டில் வைத்தாள். பழைய எஞ்சின் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஹேண்டில் போட்டு நாலு சுற்று சுற்றிவிடுகிறேன்.