சோலார் பேனலுக்கு மேலே ஒரு கம்பிவலை ஆன்டெனா

டிசம்பர், ஜனவரி வந்தால் நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட் போட்டவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. உறைபனி இறங்கப்போவது முன்கூட்டியே தெரிந்தால் தண்ணீர் தெளித்துப் பயிரைக் காப்பாற்றிவிடலாம். அதற்காகத்தான் வயலில் வைக்க ஒரு சின்ன வெப்பநிலை சென்சார் பெட்டி செய்துகொண்டிருக்கிறோம். மூடி முழுக்க சோலார் பேனல், உள்ளே லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் சிறு தகவல்களை அனுப்புவது). வெளியே நீட்டிய குச்சி ஆன்டெனாவைக் குரங்குகள் விட்டுவைப்பதில்லை. பெட்டிக்குள் வைத்தால் பேனலின் உலோகம் சிக்னலை மறைக்கும். பேனலுக்கு மேலே தகடாக ஒட்டினால் வெயிலை மறைக்கும், மேகம் கவிந்தே கிடக்கும் ஊரில் அந்த வெளிச்சத்தை விட முடியுமா?

செல்போன் திரையில் வரும் இண்டியம் டின் ஆக்சைடு பூச்சைத்தான் முதலில் யோசித்தேன். மெல்லிசாகப் பூசினால் மின்தடை ஏறுகிறது, தடிப்பாகப் பூசினால் வெளிச்சம் குறைகிறது. சோலார் செல் மேலேயே கம்பிவலையில் பேட்ச், அதாவது தட்டையான ஆன்டெனா, அமைக்கலாம் என்று டர்ப்பின், பக்தூர் இருவரும் 2009இல் எழுதிய கட்டுரைதான் எனக்கு வழி காட்டியது.

தைரியம் கொடுத்தது ஊட்டி பக்கத்து முத்தொரை. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய பரப்பில் தகடே கிடையாது, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான். அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 92 சென்டிமீட்டர். கம்பிகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர்தான் இடைவெளி என்பதால் அலைக்கு அது முழுத் தகடு. கம்பி ஓடும் திசையில் மின்புலம் இருந்தால் போதும், குறுக்குக் கம்பி தேவையில்லை.

பேட்சிலும் இதே கதைதான். ரேடியோவின் சிக்னலை ஊட்டும் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு, நீளவாக்கில்தான் மின்னோட்டம் ஓடுகிறது. அந்தத் திசைக் கம்பிகளை நெருக்கமாக வைத்து, குறுக்குக் கம்பிகளைத் தயங்காமல் குறைக்கலாம். 0.1 மில்லிமீட்டர் கம்பி, நீளவாக்கில் 4 மில்லிமீட்டருக்கு ஒன்று, குறுக்கே 20 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று போட்டால் மறைவது நூற்றில் மூன்று பங்குதான். இன்னும் மெல்லிய கம்பிக்கு நான் போகவில்லை. வெளிச்சத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம், மின்தடையில் நஷ்டம் அதிகம்.

குன்னூரில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டேன். "அண்ணே, இவ்வளவு மெல்லிசா கம்பி கிடைக்குமா?"

"ஃபேன் காயிலே இதைவிடத் தடிப்பு தம்பி. இழுத்தா அந்துரும், பாத்து" என்று பழைய ரிலே காயில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எனாமலைப் பிளேடால் சுரண்டி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஈயம் வைக்க வேண்டும். கண் எரிகிற வேலை.

எங்கள் லோரா ரேடியோ பேசும் 866 மெகாஹெர்ட்ஸுக்கு காற்றில் அலைநீளம் 346 மில்லிமீட்டர். பாலிகார்பனேட் ஷீட் மேல் பேட்சின் நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வருகிறது. வலையாக்கினால் அதிர்வெண் தகட்டைவிடக் கீழே இறங்கும், அதனால் நீளத்தை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். எதிர் விளிம்பின் கடைசிக் குறுக்குக் கம்பியை மட்டும் கடைசிவரை நிரந்தரமாக ஒட்டாமல் வைத்திருந்தேன். நானோ விஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் சின்னக் கருவியின் திரையில், ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்ணில் கோடு இறங்கும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கம்பியை உள்ளே நகர்த்தி, மிஞ்சிய முனைகளை நறுக்கினேன். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் பள்ளம் எட்டு மெகாஹெர்ட்ஸ் போல ஏறும். ஷீட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர்தான் என்பதால் பேட்சுக்குக் கிடைக்கும் பட்டை அகலமே (நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் வீச்சு) ஆறேழு மெகாஹெர்ட்ஸ். கை நடுங்கக் கூடாத இடம் இது. தடிப்பான ஷீட் போட்டால் அகலம் கூடும், முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள்.

எங்கள் மலைக்கு இன்னொரு சோதனை உண்டு: மூடுபனி. மூடியில் படியும் நீரின் மின்கடவுத்திறன் (காற்றுக்கு 1; கூடினால் ஆன்டெனாவின் அதிர்வெண் இறங்கும்) 80ஐ ஒட்டியது, பள்ளத்தை நேராகக் கீழே இழுக்கும். வலைக்கு மேலே காற்று இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய மூடி போட்டதும் இழுப்பு வெகுவாகக் குறைந்தது. உறைந்த பனியின் மதிப்பு மூன்று சொச்சம்தான், அதனால் பனி படிந்த ராத்திரி பெரிய தொல்லை இல்லை. அது உருகி மூடியில் படலமாக நிற்கும் காலை நேரம்தான் கஷ்டம். கடைசி அளவீட்டை வெயில் ஏறி பனி கரையும்போதே எடுங்கள். அப்போதும் பள்ளம் 865க்கும் 867 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவே நின்றால் பெட்டியை வயலில் நடலாம்.