ஒருவழியாகக் கறுப்பு வசப்பட்டது: தெரு ஃபேஷன் புராஜெக்ட், இதுவரை

என் தெரு ஃபேஷன் புகைப்பட புராஜெக்ட்டுக்காக நேற்று கைக்கு வந்த டெஸ்ட் பிரின்ட்டில் டீ-ஷர்ட் ஒரு கறுப்பு, பேன்ட் இன்னொரு கறுப்பு, ஷூ வேறொரு கறுப்பு என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. இதில் என்ன கொண்டாட்டம் என்று கேட்பவர்கள், இளைஞர்களைத் தெருவில் நிறுத்தி முழு உயரப் படம் எடுத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம். தெரு ஃபேஷன் என்றதும் எல்லோரும் கலர் கலராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கேமராவோடு போய் நின்று பாருங்கள், எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் தலை முதல் கால் வரை கறுப்பு. ஓவர்சைஸ் டீ கறுப்பு, கார்கோ பேன்ட் கறுப்பு, ஹூடி கறுப்பு, குறுக்கே மாட்டிய பையும் கறுப்பு. நேரில் ஒவ்வொருவரும் ஒரு ரகம். கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது.

புராஜெக்ட்டின் விதிகள் ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டவை. ஒரே லென்ஸ், ஒரே தூரம், ஆள் நேராக நிற்க வேண்டும், போஸ் கிடையாது. என் கேமராவின் சின்ன சென்சாரில் (கிராப் சென்சார்) 35 எம்எம் லென்ஸ், மூன்று மீட்டரை ஒட்டி நிற்கிறேன். பெரிய சென்சார் (ஃபுல் ஃபிரேம்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு 50 எம்எம்மில் ஏறக்குறைய இதே அளவு வரும். கேமரா தொப்புள் உயரத்தில். கண் உயரத்தில் பிடித்தால் பேகி ஜீன்ஸ் போட்டவர்கள் எல்லோருக்கும் கால் குட்டையாகிவிடும், ஸ்னீக்கரும் சிறுத்துப்போகும். முகம் சரியாக வரவில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், ஸ்னீக்கரைச் சின்னதாகக் காட்டினால் விட மாட்டார்கள்.

கேமரா மீட்டரால் ஒளியை அளக்கும் தொல்லையைப் படம் எடுக்கிற எல்லோரும் பட்டிருப்பீர்கள். கறுப்புப் பருத்தித் துணி தன்மீது விழும் ஒளியில் நான்கைந்து சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். மீட்டரோ எதைப் பார்த்தாலும் அதை 18 சதவீதச் சாம்பலாக்கப் பார்க்கும். அதன் பேச்சைக் கேட்டால் ஒளி இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, கூடிப்போய்த் துணி சாம்பலாகும், முகம் வெளுக்கும். முகத்தை மட்டும் அளக்கும்படி ஸ்பாட் மீட்டர் வைத்தால் முகம் சரி, துணி ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். லைட்ரூம் மென்பொருளில் இருண்ட பகுதியை (ஷேடோ) தூக்கினால் நாய்ஸ் என்கிற புள்ளிப் புள்ளிக் குப்பை மேலே வரும், மடிப்பு மட்டும் வராது. பிராக்கெட் பண்ணு, ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளு, ரா ஃபைலில் இழு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அத்தனையும் செய்து பார்த்தாயிற்று. துணியை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்பதற்கு அவையெல்லாம் சரி. இந்தக் கறுப்பும் அந்தக் கறுப்பும் எப்படி வேறு வேறாகத் தெரியும் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

பதில் மினுக்கத்தில் இருக்கிறது. கறுப்புத் துணிக்குள் போன ஒளி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அடையாளம் காட்டுவது, மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற கொஞ்சம்தான். நைலானில் அது கூர்மையான கோடுகளாக வரும். பல முறை துவைத்த பருத்தியில் நூல் எழும்பி நிற்பதால் புகை மாதிரி பரவும். ரெக்ஸின் ஷூவில் எதிரே இருப்பதன் பிம்பமே தெரியும். ஆகவே துணி எதையாவது பிரதிபலிக்க வேண்டும் என்றால், வெளிச்சமான, அகலமான ஒரு பரப்பு சரியான கோணத்தில் இருந்தாக வேண்டும். சாய்ந்து விழுகிற ஒளி அதிகமாகத் தெறிக்கும் என்பதால் அந்தப் பரப்பு பக்கவாட்டில் இருப்பது நல்லது. கேமராவின் தலையில் இருக்கும் ஃபிளாஷுக்கு இந்த வேலை சுத்தமாக வராது. துணியில் பட்டு மினுக்கம் எல்லாம் எங்கெங்கோ போய்விடும், கேமராவுக்கு வருவது ஷர்ட்டில் ஒட்டியிருக்கும் பஞ்சு மட்டும்தான். (பையில் லின்ட் ரோலர் இல்லாமல் கிளம்பவே கூடாது. ஒரு கறுப்பு ஹூடியில் எத்தனை பஞ்சு இருக்கும் என்பது லென்ஸுக்குத்தான் தெரியும்.)

இப்போது நான் செய்வது இது. ஆளை நிழலின் விளிம்பில் நிறுத்துகிறேன். ஒரு பக்கம் வெயில் அடிக்கும் வெளிறிய சுவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் ஆளுயரத் தெர்மாகோல் பலகை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் இத்தனை காலமும் போனது. ஆளுக்கு முன்னால் வந்தால் வெளிச்சம் சப்பென்று பரவி எல்லாக் கறுப்பும் ஒன்றாகிவிடும். ரொம்பப் பின்னால் போனால் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு வரும், அவ்வளவுதான். தோளுக்கு நேரே வைத்து, அங்கிருந்து ஒரு அடி பின்னால் தள்ளி, பலகையின் முன்விளிம்பைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினால், டீ-ஷர்ட்டின் பக்கத் தையலில் தொடங்கி நெஞ்சுவரை மினுக்கம் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. அந்தக் குறைவு எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான் அது பருத்தியா, பாலியெஸ்டரா என்று கண் கண்டுபிடிக்கிறது.

இரண்டு விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்று, பலகை தரையைத் தொட வேண்டும். இடுப்புவரை பிடித்தால் பேன்ட் முழங்காலுக்குக் கீழே செத்துவிடும், ஷூவும் கூடவே போகும். இரண்டு, எதிர்ப்பக்கத்தில் எதுவும் வெளிச்சமாக இருக்கக் கூடாது. அங்கேயும் வெள்ளைச் சுவர் இருந்தால் இரண்டு மினுக்கமும் மோதி நடுவில் சமமாகிவிடுகின்றன. அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுகிறேன். கறுப்பைக் காட்டுவதற்கு இன்னொரு கறுப்பைக் கொண்டுவந்து கட்டுகிறவளைப் பார்த்து வகுப்பில் சிரித்தார்கள். பிரின்ட் வந்த பிறகு அந்தப் போர்வையை இரவல் கேட்கிறார்கள்.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. நீல ஜீன்ஸுக்கு அது அற்புதம், சாயம் ஆழமாக வரும். கறுப்புக்கு எமன். நாம் பாடுபட்டு வரவழைத்த மினுக்கத்தை ஒரே திருகில் துடைத்துவிடும்.

டெஸ்ட் பிரின்ட்டில் இருக்கிற பையனைப் பற்றிச் சொல்கிறேன். டீ-ஷர்ட் அவன் அண்ணனுடையது. கழுத்துப்பட்டை நெளிந்து அலை அலையாகத் தொங்குகிறது, முன்பக்க அச்சு பொரிந்து உதிர்ந்து எழுத்துகள் பாதிதான் மிச்சம். பேன்ட் புதுசு, தொடைப் பாக்கெட்டின் மூடியில் இஸ்திரி போட்ட கோடுகூட இன்னும் கலையவில்லை. ஷூவின் முன்பகுதி வெளுத்துப்போயிருந்ததால் மார்க்கரால் தீட்டியிருக்கிறான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் ஊதா. “அக்கா, ஷூ தெரியுமா?” என்று கேட்டான். தெரியும் என்றதும் ஒரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு அவனாகவே, “பரவாயில்லை, எடுங்க” என்று இரண்டு காலையும் சேர்த்து வைத்தான். பழையது, புதுசு, தீட்டியது என்று ஒரே உடம்பில் மூன்று கறுப்பு. அவன் ஸ்டைல் அதில்தான் இருக்கிறது. இது கறுப்பு உடை என்று ஒரே வார்த்தையில் முடிந்துபோனால் என் புராஜெக்ட்டே வீண்.

வழிகாட்டி மேடம் முதலில் சொன்னது வெள்ளைத் தாள் பின்னணி. அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நிழலில் வெள்ளைத் தாளைக் கட்டித் தொழிலாளர்களை எடுத்த படங்களைக் காட்டினார். படங்கள் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் இருந்தது 8x10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா, பின்னால் பிரின்ட் போட ஆட்கள். கேமராவோடு சேர்த்து விற்கிற என் சாதாரண கிட் லென்ஸில் வெள்ளைத் தாள் பின்னால் இருந்தால் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி (ஃபிளேர்) துணியின் கறுப்பு வெளிறுகிறது, ஆள் வெட்டி ஒட்டிய உருவமாகிவிடுகிறார். நான் போய் நின்றது இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரரான இர்விங் பென் பக்கம். 1950இல் பாரிஸில் மேல்மாடி ஸ்டூடியோ ஒன்றில், ஜன்னல் வெளிச்சத்தில், பழைய நாடகத் திரைச்சீலையைப் பின்னணியாக வைத்து ஆட்களைப் படம் எடுத்தார். அந்தத் திரை நடுச் சாம்பல், அதில் கறுப்பு உடை உட்காருகிற விதமே வேறு. எனக்குத் திரைச்சீலை இல்லை. பெயின்ட் அடிக்காத சிமென்ட் சுவர் கிட்டத்தட்ட அதே சாம்பல்தான். மேடம் இப்போது சிமென்ட் சுவர் தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

தீராத ஒன்று பாலியெஸ்டர் டிராக் பேன்ட். கண்ணுக்குக் கறுப்பு, படத்தில் அரக்குச் சாயல். செயற்கை இழையில் ஏற்றும் பல கறுப்புச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிட்டு, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் பலவீனமாக இருந்தால் அது சிவப்பாகப் பதிவாகும். 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் கறுப்பு உடைகள் ஊதாவாக வந்ததும், அந்நிறுவனம் வாங்கியவர்களுக்கு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்ததும் நினைவிருக்கலாம். அவ்வளவு விலை கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், பல கை மாறி வந்த என் கேமராவைக் குறை சொல்லி என்ன பயன். குண்டு பல்பு வெளிச்சத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் அகச்சிவப்புதான் அதிகம். வானத்து வெளிச்சம் மட்டும் இருக்கும் நிழலில் குறைகிறது, முழுக்கப் போகவில்லை. கம்ப்யூட்டரில் அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரித்து (மாஸ்க்) நிறத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறேன். இடுப்புப் பட்டி பருத்தியாகவும் கீழே பாலியெஸ்டராகவும் இருந்தால் மாஸ்க் போடுவதற்குள் உயிர் போகிறது.

பிரின்ட் விஷயத்தில் லேப்காரரோடு நடந்த சண்டை தனிக்கதை. இருட்டான படம் வந்தாலே மெஷின் தானாகத் தூக்கிவிடும். கறுப்பெல்லாம் சாம்பலாகி வந்தது. “டல்லா இருந்துச்சு, நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன்” என்று பெருமையாக வேறு சொன்னார். இப்போது ஆர்டரிலேயே கரெக்‌ஷன் வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறேன், இருந்தும் முதல் ஷீட்டை வாங்கிப் பார்க்காமல் மிச்சத்தை அடிக்க விடுவதில்லை. தாளும் முக்கியம். மினுக்கமில்லாத மேட் தாள் தொடுவதற்குச் சுகம், கண்காட்சியில் கண்ணாடி மாதிரி அடிக்காது, எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் மேட் தாளின் ஆகக் கறுப்பான இடத்தின் அடர்த்தி 1.6 அளவில் நின்றுவிடும். அதாவது விழும் ஒளியில் 2.5 சதவீதம் திரும்பி வரும். மினுக்கமுள்ள பரைட்டா தாள் 2.3ஐத் தொட்டால் திரும்புவது அரை சதவீதம். மூன்று கறுப்பையும் அடுக்க வேண்டியது இந்த இடைவெளிக்குள்தான். பரைட்டா விலை என் தலைக்கு மேல் என்பதால் தேர்வான படங்களுக்கு மட்டும் அது, மிச்சம் அரை மினுக்கமுள்ள லஸ்டர் தாள்.

படத்தின் கீழே என்ன எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. 1980இல் லண்டனில் ஐ-டி (i-D) என்ற ஃபேஷன் பத்திரிகை தொடங்கியபோது, தெருவில் பார்த்த இளைஞர்களைச் சுவரோரம் நேராக நிறுத்தி எடுத்து, எதை எங்கே வாங்கினார்கள் என்று கூடவே போட்டார்கள். அதே முறைதான். விலையை விட்டுவிட்டேன், யாரிடமிருந்து வந்தது என்பதைச் சேர்த்துக்கொண்டேன். அண்ணன், தோழி, பழைய துணிக் குவியல், முன்னாள் காதலன். கடைசி வகை வந்தால் பெயரைப் போட வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அனுமதித் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கேமராவை எடுக்கிறேன், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எடுப்பதே இல்லை. எல்லோருக்கும் ஒரு ஃபைல் அனுப்பிவிடுகிறேன். சிலர் அதை உடனே பியூட்டி ஃபில்டரில் போட்டுக் கறுப்பை மறுபடி வழித்துவிடுகிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

வரிசைப்படுத்தும் வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது. சின்ன பிரின்ட்டுகளைத் தரையில் பரப்பி வைத்திருக்கிறேன். மிகக் கறுப்பிலிருந்து மிக வெளுத்த கறுப்புவரை அடுக்கலாம் என்று ஓர் ஆசை. சல்ஃபர் சாயம் போட்ட ஜீன்ஸ் வெளுத்து வெளுத்துச் சாம்பலாகும் வரிசையை நினைத்தாலே நன்றாக இருக்கிறது. ஆட்களைத் துணிக்கடை சாம்பிள் அட்டையாக ஆக்கிவிடுவாய் என்கிறாள் கூடப் படிப்பவள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால் பரப்பி வைத்தது பரப்பியபடியே இருக்கிறது.

அதற்குள் ஹூடிக்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். தொப்பிக்குள் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் போக வேண்டுமானால் பலகை முன்னால் வர வேண்டும். முன்னால் வந்தால் துணி மினுக்கம் போய்விடும். அப்படியானால் முகத்துக்கென்று இரண்டாவதாக ஒரு சின்னப் பலகை வேண்டும், கழுத்துக்குக் கீழே வெளிச்சம் கொட்டாதபடி. அதை வெட்டி வைத்தாகிவிட்டது. பிடிக்கத்தான் ஆள் இல்லை, முதல் பலகையைப் பிடித்தவன் காற்றடித்த நாளிலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.