கஜாவில் நனைந்த தஞ்சாவூர்ப் படங்களும் இன்சூரன்ஸ் அலைச்சலும்

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரை கடந்தபோது மன்னார்குடிப் பக்கம் ஓடு தப்பிய வீடு குறைவு. கொள்ளுத்தாத்தா கட்டிய எங்கள் வீட்டிலும் பட்டாசாலை என்கிற கூடத்தின் ஓடு பறந்து, சுவரில் இருந்த ஐந்து தஞ்சாவூர்ப் படங்களும் நனைந்தன.

முதல் தப்பு மறுநாளே நடந்தது. வெயில் வந்ததும் சித்தப்பா பெரிய கிருஷ்ணர் படத்தை முற்றத்தில் சாய்த்து வைத்துவிட்டார். பலாப் பலகை, அதில் ஒட்டிய துணி, மேடு எழுப்பப் பூசும் சுண்ணப் பசையான மக்கு, அதன் மேல் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கு எல்லாம் ஒரே வேகத்தில் காயாது. மத்தியானத்துக்குள் பலகை வளைந்தது. வெண்ணெய்த் தாழியில் மக்கு பொருக்காக எழும்பி, தொட்டதும் ரேக்கோடு உதிர்ந்தது. அத்தை அத்தனை துணுக்கையும் பொறுக்கி எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தார். மற்ற நான்கையும் நிழலில் படுக்கவைத்தோம், பிழைத்தன.

இன்சூரன்ஸ் சர்வேயர் வரப் பதினேழு நாள் ஆனது. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் கணக்கு எழுதினார். படம் என்றதும், "பில் இருக்கா சார்?" என்றார். கொள்ளுத்தாத்தா வாங்கிய படத்துக்குப் பில்லுக்கு எங்கே போவது? சரி, பழைய போட்டோவாவது காட்டுங்கள் என்றார். இரண்டு நாள் வீட்டைப் புரட்டினோம். 1994-இல் நடந்த அக்கா கல்யாண ஆல்பத்தில், மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் கிருஷ்ணர் முழுசாகத் தெரிந்தார்!

ஆல்பத்தோடு கிளை அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கலைப்பொருளைத் தனியாகப் பட்டியல் போட்டு, மதிப்புச் சான்றோடு சேர்த்திருந்தால்தான் பணமாம். வருஷா வருஷம் பிரீமியம் வாங்கியவர்கள் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

பழைய வீட்டில் படம் வைத்திருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். படங்களை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, ஒரு பிரதியை வெளியூரில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். நூறு வருஷம் தாண்டிய ஓவியம் என்றால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அந்தச் சான்று கையில் இருந்திருந்தால் ஆல்பத்தைத் தேடியே இருக்க மாட்டேன். புயல் எச்சரிக்கை வந்ததும் படங்களை இறக்கி, பருத்தித் துணியில் சுற்றி, ஓட்டுக்கூரை இல்லாத உள்ளறையில் பெஞ்சு மேல் வையுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டவே கட்டாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஆல்பம் வீண்போகவில்லை. படத்தைச் சரிசெய்த ஓவியர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டப்பாவில் இருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் ஒட்டினார். தாழியின் விளிம்பில் நகக்கண் அளவு இடத்துக்கு மட்டும் துணுக்கு கிடைக்கவில்லை. அங்கே புது ரேக்கு வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்.